காரியம் முடியாத வீட்டில் வாங்கிய மெஷின்

சிதம்பரம் நகரப் பெருமக்களுக்கும், வெள்ளாற்றுக்கு அந்தப் பக்கம் குடியிருந்துகொண்டே தங்களையும் சிதம்பரத்துக்காரர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்களுக்கும், ஃபில்டரில் சொட்டுச் சொட்டாக இறங்கும் கறுப்புத் தண்ணீரைக் காபி என்று நம்பி இதுநாள்வரை ஏமாந்துவந்த சகல குடும்பங்களுக்கும் அறியத் தருவது யாதெனில்: கடலூரில் கூட்டுறவு அலுவலகம் ஒன்றின் கண்காணிப்பாளர் திரு. சு. கொளஞ்சியப்பன் அவர்கள், இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் காலை, தமது சொந்த இல்லத்தில், தமது திருக்கரங்களால், எஸ்பிரஸோ தயாரித்துவிட்டார்.

அறிவிப்பில் ஒரே ஒரு பிழை. தயாரித்தது அவர் இல்லை.

அது அவருக்கும் தெரியும். அன்று காலை அடுக்களைக்குள் போனபோது, கைப்பிடி வைத்த வடிகட்டிக் கிண்ணம் ஏற்கெனவே மெஷினின் வாயில் பூட்டியிருந்தது. கழற்றிப் பார்த்தார். உள்ளே காபித் தூள், ஒரு பக்கம் ஏறாமல் ஒரு பக்கம் இறங்காமல், புதுக் காசின் முகம் மாதிரி வழவழவென்று அழுத்தப்பட்டிருந்தது. விளிம்பில் ஒரு துகள் சிந்தவில்லை. மூன்று வாரமாக அவர் அழுத்திய தூளெல்லாம் லாரியிலிருந்து கொட்டிய மணல் மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்தே கிடக்கும். அமிர்தமும் செய்திருக்க முடியாது. அவருடைய மனைவி அந்த மெஷினைத் தொடமாட்டாள். அதன் பக்கத்தில் மாட்டிக்கொண்ட உப்பு ஜாடியைக்கூடக் கரண்டிக் காம்பால்தான் இழுத்துக்கொள்வாள்.

வேறு யாராவதாக இருந்தால் அந்த இடத்திலேயே பயந்திருப்பார்கள். கொளஞ்சியப்பன் பட்டனைத் தட்டினார்.

தொண்டைக்குள் யாரோ முனகுவது போல ஒரு சத்தம். பிறகு இரண்டு மூக்கிலிருந்தும் தேன் நிறத்தில், நூல் அறுபடாமல், காபி இறங்கியது. மேலே செம்மண் நுரை கட்டிக்கொண்டது.

"அமிர்தம்! இங்க வா! வந்து பாரு!"

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடித் திறந்தாள்.

"நல்லாத்தான் இருக்குது. நீங்களா போட்டீங்க?"

"பின்ன யாரு போடுவா?" என்றார் கொளஞ்சியப்பன்.

வியாதி எங்கே தொடங்கியது என்று பார்த்தால், பெங்களூரில். மகள் வெண்மதி அங்கே வேலை பார்க்கிறாள். கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு கடைக்கு அவரை அழைத்துப்போய், சங்கு அளவு கோப்பையில் கறுப்பாக ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். வாயில் வைத்ததும் துப்பத்தான் பார்த்தார். அதற்குள் மகள் விலையைச் சொல்லிவிட்டாள். விலையைக் கேட்டதும் அதன் ருசி அவருக்குப் புரிந்துவிட்டது. ஊர் திரும்பியபோது அவர் அந்தத் துறையில் நிபுணர்.

அலுவலகத்தில் ஒன்பது பார் அழுத்தம் வேண்டும் என்று விளக்கினார். "பாரா? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடியே இருக்குதே மச்சான்," என்றார் பக்கத்து மேசை இளவரசு. நிபுணர்கள் இப்படித்தான் அவமானப்படுவார்கள். புதுச்சேரிக் கடைகளில் விசாரித்தார். நல்ல மெஷினின் விலைக்கு ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கலாம். மலிவான மெஷின் ஷாம்பு பாட்டில் மாதிரி நசுங்கியது. ஆகவே துணைச் சாமான்களை முதலில் சேர்த்தார். கையால் சுற்றும் அரைவை யந்திரம். பால் நுரைக்க மூக்கு வைத்த எவர்சில்வர் சொம்பு. தூளை அழுத்துவதற்கு, கடைசல் பட்டறையில் சொல்லிச் செய்த, பம்பரத்துக்கும் குழவிக்கும் பிறந்தது போன்ற ஒரு மரக்கட்டை. பெண் பார்க்கப் போகும் முன்பே மண்டபத்துக்கு முன்பணம் கட்டியவர் மாதிரி இத்தனையையும் அலமாரியில் அடுக்கிவைத்துக் காத்திருந்தபோதுதான் இளவரசு அந்தச் செய்தியோடு வந்தார்.

"மச்சான், பாதிரிப்புலியூர்ல எங்க தெருவுல ஒருத்தரு போயிட்டாரு. மணவாளன்னு, பேங்குல இருந்து ரிட்டயர் ஆனவரு. வெளிநாட்டுல பொண்ணு வீட்டுக்குப் போயிட்டு வந்தப்ப நீ சொல்றியே, அந்த மெஷின் ஒண்ணு தூக்கிக்கிட்டு வந்தாரு. பொழுதன்னிக்கும் அதோடதான் குடித்தனம்."

"விப்பாங்களா?"

"யோவ், இன்னும் காரியமே முடியலய்யா."

"காரியம் முடிஞ்சா நாலு பேரு கேப்பான்."

இவ்வாறாக, முன்பின் தெரியாத ஒரு மனிதரின் மறைவுக்குத் துக்கம் விசாரிக்க, கொளஞ்சியப்பன் ஒரு பெரிய கட்டைப்பையோடு போனார்.

கூடத்தில் மணவாளனின் படம். அதன் முன்னால் அணையாமல் காத்துவரும் விளக்கு. சம்பங்கி மாலை பழுப்பேறி, இனிப்பும் அழுகலும் கலந்து வீசியது. துக்க வீட்டு வழக்கப்படி யாரும் வாங்க என்று சொல்லவில்லை. மணவாளனின் மனைவி மங்கலம், வெளுத்த உதடும் கண்ணுக்குக் கீழே நீலமுமாக, படத்துக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள். கொளஞ்சியப்பன் வாழ்க்கை நிலையாமையைப் பற்றி இரண்டு வாக்கியமும், அடுக்களையைப் பார்த்தபடி மெஷினைப் பற்றி ஒரு வாக்கியமும் சொன்னார். மங்கலம் ஒரு தொகை சொன்னாள். பேரம் பேசினால் பாவம் என்கிற அளவுக்கு மலிவு.

"இப்பவே எடுத்துட்டுப் போயிடுங்க சார்," என்றாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அது நடந்தது. துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. சத்தமில்லாமல் எழுந்து போய்விட வேண்டும். யாரையும் எங்கேயும் அழைக்கக்கூடாது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் பையில் மெஷின் கனக்கிறபோது மனிதனுக்கு மரியாதை பொங்கி வழிகிறது. வாசலில் திரும்பி, கையைக் கூப்பி, மங்கலம் இருந்த பக்கமாக, அதாவது படம் இருந்த பக்கமாக, பெரிய மனிதத் தோரணையோடு சொன்னார்:

"அப்ப நான் போயிட்டு வர்றேங்க. சிதம்பரம் பக்கம் வந்தா நம்ம வீட்டுக்கு அவசியம் வரணும். ஒரு வாய் காபி சாப்பிடணும்."

இளவரசு அவர் இடுப்பில் கிள்ளினார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, அதன் காற்றுக்கு இதுவரை ஆடிக்கொண்டிருந்த சுடர் சட்டென்று நிமிர்ந்து அசையாமல் நின்றது. பிறகு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தலையாட்டுவது போலக் கீழே வளைந்து நிமிர்ந்தது.

மங்கலம் அவரைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தாள்.

"அவரு யாரு கூப்ட்டாலும் போயிடுவாரு சார்," என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம். ஆனாலும் சிதம்பரம்வரை கொளஞ்சியப்பனுக்குப் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. ஒருத்தி உட்கார வந்தவள், "ஆளு இருக்குதா," என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்துபோனாள். தன் முகத்தில் அதிகாரக் களை இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். மடியில் இருந்த பை வெதுவெதுப்பாக இருந்தது.

முதல் மூன்று வாரம் மெஷின் அவரைப் படுத்தியது. சிக்கரி கலந்த தூளைப் போட்டால் அடைத்துக்கொண்டது. சிக்கரி இல்லாத தூள் வேண்டும் என்று காபிக்கொட்டை அரைக்கிற கடையில் கேட்டதற்கு, வீட்டில் ஏதாவது கஷ்டமா என்று விசாரித்தார்கள். தூள் பெரிதாக இருந்தால் சாயத்தண்ணீர் வந்தது. ஒருநாள் நீராவி சீறி அடுக்களைச் சுவரில் காலண்டரைக் கிழித்தது. "இந்த வாத்தியத்த எப்பங்க கச்சேரி வெக்கப் போறீங்க?" என்று அமிர்தம் கேட்டாள்.

அதற்குப் பிறகுதான் அந்தக் காலை. அதிலிருந்து தினமும் காலையில் கிண்ணம் தயாராக இருந்தது. தினமும் காபி தேனாக இறங்கியது. கொளஞ்சியப்பன் யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ராத்திரியே தூக்கக் கலக்கத்தில் தானே போட்டு வைத்துவிடுவதாக யோசித்துக்கொண்டார். திறமை கைக்கு வந்துவிட்டால் கை தானாக வேலை செய்யும் என்று இளவரசுவிடம் விளக்கவும் செய்தார். எதிர்வீட்டு சந்திரலேகா டீச்சரை அழைத்து ஒரு கோப்பை கொடுத்து, அழுத்தம், சூடு, அரைவை மூன்றையும் பற்றி நின்றபடியே உரையாற்றினார்.

டீச்சர் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். "பிரமாதம் சார். ஒரு சந்தேகம். சாயங்காலம் கரண்ட் இல்லாதப்பக்கூட இது ஓடுற சத்தம் எங்க வீடு வரைக்கும் கேக்குதே, பேட்டரியா?"

அந்த வருஷம் கரண்ட் இருக்கும் நேரத்தைச் சொல்வதுதான் சுலபம். சாயங்காலம் ஆறு மணிக்குத் தவறாமல் போய், ஏழுக்கு வரும். அந்த ஒரு மணி நேரமும் கொளஞ்சியப்பன் கடலூரிலிருந்து வரும் பஸ்ஸில் இருப்பார்.

"பேட்டரிதான்," என்றார்.

டீச்சர் போனபிறகு மெஷினைத் திருப்பி, கவிழ்த்து, அடித்தட்டைத் தட்டிப் பார்த்தார். பேட்டரி போட இடமே இல்லை. ஒற்றை வயர்தான். அவருக்கு ஏதோ குளிர்ந்தது. மழைக்காலம் அல்லவா.

மறுநாள் மழையில் நனைந்துகொண்டு வீடு வந்தபோது, அப்போதுதான் விளக்குகள் எரிந்தன. அமிர்தம் தலையில் கதம்பம் வைத்திருந்தாள். ஏதோ ராகத்தை முனகிக்கொண்டிருந்தாள். கழுவும் தொட்டியில் இரண்டு கோப்பைகள்.

"இப்பதான எழுந்து போனீங்க? அதுக்குள்ள எங்க போயி இப்படி நனைஞ்சீங்க?"

அவர் செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"என்னா அப்படிப் பாக்குறீங்க? துண்ட எடுத்துத் தொவட்டுங்க." அவள் துண்டை நீட்டினாள். விரல் பட்டது. பனிக்கட்டியைத் தொட்டது போல இருந்தது. "ஒரு வாரமா ஆபீசுல சீக்கிரம் உடுறாங்க போல. ஒண்ணு சொல்லட்டுமா? இத்தினி வருசத்துல, எங்கம்மா ஆஸ்பத்திரியில கெடந்த கதைய இன்னிக்குத்தாங்க முழுசா கேட்டீங்க. ஒரு தடவகூட நடுவுல பேசல. இருட்டுல ஒக்காந்துக்கிட்டு, ம், ம்முன்னு."

அவள் முகம் துலக்கிய குத்துவிளக்கு மாதிரி இருந்தது. அது நான் இல்லை என்று சொல்ல கொளஞ்சியப்பன் வாயைத் திறந்தார். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்வது எப்படி? அதோடு, வந்த பாராட்டைத் திருப்பி அனுப்பிப் பழக்கமில்லாதவர்.

"பின்ன? கேக்காம?" என்றார்.

இருட்டில் அவளுக்கு ஆள் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். அவரும் அதைத்தான் கேட்டுக்கொண்டார். பதில் அவருக்கே வெட்கமாக இருந்தது. அமிர்தம் வலது புருவத்தில் தழும்பு உள்ளவளா, இடது புருவத்தில் தழும்பு உள்ளவளா என்று யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தழும்பே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டிலேயே இருந்தார். பார்த்துவிடுவது என்ற முடிவு. ஆறு மணிக்குக் கரண்ட் போனதும் கூடத்து நாற்காலியில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்தார். மழை விட்டு ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டும் சத்தம், கீழ வீதிப் பக்கம் எங்கோ ஒரு ஜெனரேட்டர் இருமுவது, கொல்லையில் அமிர்தம் துணியை உதறுவது, தன் மூக்கிலேயே வந்துபோகும் மூச்சு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்து, இது இது, அது அது என்று அலுவலகக் கோப்புகளை அடுக்குவது போல மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தவருக்கு, எந்தக் கோப்பிலும் சேராத ஒரு வாசனை முதலில் வந்தது. பழுப்பேறிய சம்பங்கி.

பிறகு சத்தம். வாசல் பக்கம். தொப்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. தொப்.

நடை இல்லை அது. நடந்தால் ஒரு கால், மறு கால் என்று கேட்கும். இது இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கி, இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் கேட்கும். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் வந்தது. நின்றது. கழுத்து முடி மேல் குளிர்ந்த காற்று ஒன்று பட்டது, வடிகட்டி வழியாக வருவது போலத் தேங்கித் தேங்கி. தாண்டிப் போனது. தொப். அடுக்களையில் பிரம்பு நாற்காலி நெரிந்தது. மெஷின் சீறத் தொடங்கியது.

எழுந்திரு என்று கொளஞ்சியப்பன் தன் காலுக்கு உத்தரவிட்டார். எத்தனையோ பேருக்கு உத்தரவிட்டவர். கால் கேட்கவில்லை.

கொல்லைக் கதவு திறந்தது. அமிர்தத்தின் கொலுசு.

"வந்துட்டீங்களா? இருங்க, கைய தொடச்சிக்கிறேன்." கோப்பை வைக்கும் சத்தம். "எங்க உட்டேன்? ஆங், எங்க பெரியண்ணன் கல்யாணம்..."

பால் பொங்குவதற்கு முன்னால் பாத்திரத்துக்குள் ஒரு முணுமுணுப்பு கேட்குமே, அப்படி ஒரு குரல் பதில் சொன்னது. வார்த்தை புரியவில்லை. அமிர்தம் சிரித்தாள். இருபது வருஷமாக அவர் கேட்காத சிரிப்பு. பத்தடி தூரத்தில், இருட்டில், தன் வீட்டில், தன் மனைவி சிரிப்பதைக் கேட்டபடி, சட்டை நனைய, அவர் உட்கார்ந்திருந்தார்.

கரண்ட் வந்தது. அடுக்களையில் அமிர்தம் மட்டும். மேசையில் இரண்டு கோப்பை. ஒன்றின் விளிம்பில் வெள்ளையாக ஒரு துணுக்குப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

"எப்ப எந்திரிச்சி கூடத்துக்குப் போனீங்க?" என்றாள். "சரி, புதங்கெழம போலாமா?"

"எங்க?"

"என்னாங்க, இப்பதான கேட்டீங்க? தெனம் இங்கயே காபி குடிக்கிறோமே, ஒருநாளு பாதிரிப்புலியூர் போயி அங்கயே இருந்துடலாம், வர்றியான்னு. நான் சரின்னுட்டேன்." அவள் உதட்டில் நிறமே இல்லை என்பதை விளக்கு வெளிச்சத்தில் இப்போதுதான் பார்த்தார். கண்ணுக்குக் கீழே நீலம். "நீங்கதான கேட்டீங்க? வேற யாரு கேட்டா?"

சொல்லியிருக்கலாம். இதுதான் கடைசி வாய்ப்பு என்றும் தெரிந்தது. ஆனால் சொன்னால், இத்தனை நாள் இருட்டில் யாரோடு உட்கார்ந்திருந்தோம் என்று அவள் கேட்பாள். அதைக் கேட்ட நொடியே அவள் இதயம் நின்றுவிடும் என்று தோன்றியது. தோன்றியதா, தோன்றவைத்துக்கொண்டாரா?

"நான்தான்," என்றார். "நான்தான் கேட்டேன்."

செவ்வாய்க்கிழமை பகலில் மெஷினையும், சொம்பையும், மரக்கட்டையையும், அரைவை யந்திரத்தையும் அதே கட்டைப்பையில் போட்டு மங்கலம் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தார். உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. குழம்பு வாசனை. மங்கலத்துக்கு உடம்பு தேறியிருந்தது.

"மெஷின வெச்சிட்டுப் போங்க சார், அதுக்கென்னா," என்றாள். "ஆனா ஆளு வரமாட்டாரு."

"நான் தெரியாம கூப்ட்டேம்மா."

"தெரிஞ்சா யாரு கூப்புடுவா?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவர சுடுகாட்டுக்கு எடுத்துட்டுப் போன மொதநாள்லேருந்து எங்கிட்டயும் வந்து ஒக்காந்தாரு சார். இருட்டுனதும். வா போலாம், வா போலாம்னு. எனக்கும் எந்திரிச்சிப் போயிடலாம்னுதான் இருந்துச்சு. அப்படி ஒரு பேச்சு, உசுரோட இருந்தப்ப பேசாத பேச்சு. நான் வெளக்கத் தூக்கி மூஞ்சியப் பாத்தேன். பாத்துட்டோம்னா கூடப் போவத் தோணாது. அவ்ளோதான். உங்க வீட்டம்மாவ மூஞ்சியப் பாக்கச் சொல்லுங்க."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

மங்கலம் அவரை நேராகப் பார்த்தாள். "அன்னிக்கு நீங்க கூட்டிக்கிட்டுப் போறேன்னீங்க. நான் ஏன் சார் தடுக்குறேன்?" என்றாள். கதவைச் சாத்தினாள்.

புதன்கிழமைக்கு இன்னும் ஒரு ராத்திரி இருக்கிறது. மூஞ்சியைப் பார் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல அவமானம் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். காபி நான் போடவில்லை, கதை நான் கேட்கவில்லை, ஒன்றுமே நான் இல்லை. பஸ்ஸில் இதை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். ஆலப்பாக்கம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஊர்ந்தது. கண்ணாடியில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. புதுச்சத்திரத்தில் ஒரு லாரி குறுக்கே கிடந்தது. முட்லூரில் இருட்டிவிட்டது. கைபேசியை எடுத்து வீட்டுக்கு அழைத்தார்.

நெடுநேரம் மணி அடித்தது. எடுத்தாள்.

"அமிர்தம்! நான் சொல்றத கேளு..."

"என்னாங்க வெளையாட்டு இது?" சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசினாள். "எதிர்ல ஒக்காந்துக்கிட்டே எதுக்கு போன் பண்றீங்க?"

பின்னால் சீறும் சத்தம் கேட்டது.

"அமிர்தம், வெளக்கக் கொளுத்து! எதிர்ல இருக்கிற ஆளோட மூஞ்சிய..."

வைத்துவிட்டாள்.

பாலம். வெள்ளாறு கறுப்பாக ஓடியது. ஊர் முழுக்க இருட்டு. இறங்கினார். ஓடினார். சட்டை முதுகில் ஒட்டியது. தெருவில் யாரும் இல்லை. டீச்சர் வீட்டில் ஜன்னல் சாத்தியிருந்தது. அவர் வீட்டுக் கதவு மட்டும் திறந்திருந்தது. உள்ளே மஞ்சள் வெளிச்சம்.

வெளிச்சம். விளக்கு எரிகிறது. பார்த்துவிட்டாள். கொளஞ்சியப்பனுக்கு அழுகை வந்தது. காப்பாற்றிவிட்டோம்.

கூடம். சம்பங்கி. சீறல். அடுக்களை வாசல்.

மெஷின் இருந்த இடம் காலியாக இருந்தது. சீறல் அங்கிருந்து வரவில்லை.

பிரம்பு நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கொளஞ்சியப்பனின் கோடு போட்ட சட்டை. மூக்கின் இரண்டு துவாரத்திலும் பஞ்சு. பஞ்சு வழியாக மூச்சு சீறியது. தாடையைச் சுற்றி உச்சியில் முடிந்த வெள்ளைத் துணி. கீழே இரண்டு கால் கட்டைவிரலும் சேர்த்துக் கட்டியிருந்தது. எதிரில் அமிர்தம். அரக்குப் பட்டுப் புடவை. பக்கத்தில் துணிப்பை. இடது கையில் விளக்கு.

விளக்கை அந்த முகத்துக்கு நேராகத்தான் பிடித்திருந்தாள்.

அவள் கோப்பையை அந்த உதட்டில் வைத்தாள். வாய் திறக்கவில்லை. காபி வழிந்தது. வெள்ளைத் துணி பழுப்பாக நனைந்தது. அமிர்தம் முந்தானையால் துடைத்தாள். துணியின் முடிச்சை நிதானமாகத் தளர்த்தினாள். தாடை தொங்கியது. மறுபடி ஊற்றினாள்.

"மூஞ்சியப் பாரு!" கொளஞ்சியப்பன் கத்தினார். "அமிர்தம்! அது மூஞ்சியப் பாரு!"

அவள் பார்த்தாள். ஒரு இடம் விடாமல், நெற்றியிலிருந்து முகவாய்வரை, கண்ணெடுக்காமல் பார்த்தாள். நழுவியிருந்த பஞ்சைச் சுண்டுவிரலால் சரிசெய்தாள்.

பிறகு விளக்கை இந்தப் பக்கம் திருப்பினாள். வாசலில் நனைந்து நின்றவரின் முகத்தையும் அதே போலப் பார்த்தாள். அவ்வளவு நேரம் அந்த முகத்தை யாரும் பார்த்ததில்லை.

"யாருங்க நீங்க?"

"நான்... நான்தான், அமிர்தம்."

அவள் புருவத்தைச் சுருக்கினாள். யோசித்தாள். வீட்டுக்கு வந்தவரைப் புண்படுத்த விரும்பாதவள்.

"இவுரு ஆபீசுங்களா? மழையில இப்படி நனைஞ்சிட்டீங்களே. நாளைக்குன்னு இருந்துச்சு, இன்னிக்கே போலாம்னுட்டாரு, நாங்க ஊருக்குக் கெளம்பிக்கிட்டு இருக்கிறோம். பரவால்ல, ஒக்காருங்க." இன்னொரு கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினாள். "எங்க வீட்டுக்காரரு போட்டது. ஒரு வாய் குடிச்சிப் பாருங்க."

அவர் உட்கார்ந்தார். கோப்பையை எடுத்தார்.

அவர்கள் எழுந்தார்கள். அவள் அந்தக் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். தொப். விளக்கையும் எடுத்துக்கொண்டாள். தொப். கூடம் இருண்டது. வாசல் இருண்டது. மழைக்குள் அந்த மஞ்சள் புள்ளி தெருக்கோடிவரை, தொப், தொப் என்று குதித்துக் குதித்துப் போனது. அவளுடைய காலடியும் இப்போது அதோடு சேர்ந்தே விழுந்தது.

காபியில் குறை சொல்ல எதுவும் இல்லை.